உள்ளங்கைத் தடிப்பு: குடும்பவழி வரும் ஒரு தோல் நோய்

உழைக்கும் கை காய்த்துப்போவது இயல்பு. திருபுவனத்திலும் தாராசுரத்திலும் தறிக்குழியில் இறங்கி அமரும் நெசவாளியின் விரல்களிலும், மண்வெட்டி பிடிக்கும் குடியானவனின் உள்ளங்கையிலும் காய்ப்பு விழாமலிராது. அதனை எவரும் நோய் என்பதில்லை. சில மாதங்கள் வேலையை நிறுத்திவைத்தால் அது தானே தேய்ந்து மறையும். ஆனால் மண்வெட்டியையோ நாடாவையோ தொட்டறியாத பச்சைக் குழந்தைக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் முதலில் சிவந்து, பின் மஞ்சள் படர்ந்து, மெழுகு பூசினாற்போலத் தடித்துவருமாயின், அது காய்ப்பு அன்று. குடும்பவழியாக இறங்கிவரும் ஒரு தோல் நோய். மருத்துவ நூல்கள் இதனைக் ‘கெரட்டோடெர்மா’ என்று வழங்குகின்றன. நாம் இக்கட்டுரையில் உள்ளங்கைத் தடிப்பு என்றே சொல்வோம். உள்ளங்காலும் அதில் அடக்கம்.

இது அரிய நோய். வட அயர்லாந்தில் கணக்கெடுத்தபோது, இதன் மிகுதியாகக் காணப்படும் வகைகூட ஒரு லட்சம் பேரில் நான்கைந்து பேருக்கே இருந்தது. அவ்வளவு அரிதான ஒன்றைப் பற்றி நம் அங்கத்தினர்கள் ஏன் அறிந்துகொள்ளவேண்டும் என்று கேட்கலாம். காரணம் இரண்டு. கையையும் காலையும் கொண்டே பிழைக்கும் மக்கள் நாம். நூற்றில் ஒருவருக்கு வரும் வேறு நோயைவிட, லட்சத்தில் ஒருவருக்கு வரும் இந்நோய் நெசவாளியையும் நடவாளையும் அதிகமாக முடக்கிவிடும். மேலும், இந்நோய் உள்ள குடும்பத்திற்கு நோயினால் வரும் துன்பத்தைவிட, அக்கம்பக்கத்தாரின் தவறான எண்ணத்தால் வரும் துன்பமே பெரிதாக இருக்கிறது.

தொழுநோய் அன்று

கை தடித்து வெடித்திருப்பவரைக் கண்டதும் பலர் மனத்தில் முதலில் எழும் ஐயம் தொழுநோய் என்பதே. இது நம் நாட்டில் மட்டும் நேர்ந்த பிழை அன்று. ஆட்ரியாடிக் கடலில், இன்றைய குரோவேஷியாவைச் சேர்ந்த மிலெட் என்ற தீவில், சில குடும்பங்களுக்குக் கையும் காலும் கையுறை, காலுறை அணிந்தாற்போலத் தடித்திருந்தன. 1826-இல் லூகா ஸ்டுல்லி என்ற மருத்துவர் அதனை ஆராய்ந்து எழுதினார். அத்தீவின் பெயராலேயே அது இன்றும் ‘மெலெடா நோய்’ எனப்படுகிறது. அந்த மக்களையும் பிறர் தொழுநோயாளர் என்றே அஞ்சி ஒதுக்கினர்.

இரண்டையும் பிரித்தறிவது அத்தனை கடினமான காரியம் அன்று. தொழுநோயில் உணர்ச்சி மங்கும். தேமல் போன்ற படையில் சூடும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. நரம்புகள் தடிக்கும். உள்ளங்கைத் தடிப்பிலோ உணர்ச்சி குன்றுவதில்லை. வெடிப்பு விழுந்த இடத்தில் வலி மிகுந்தே இருக்கும். தொழுநோய் பிறவியில் வருவது அன்று, கிருமியால் வருவது. உள்ளங்கைத் தடிப்பில் கிருமியே இல்லை. தொட்டாலும், உடன் உண்டாலும், ஒரே தறியில் மாறி மாறி அமர்ந்தாலும் பிறருக்கு ஒட்டாது. தடித்த தோலுக்கும் நல்ல தோலுக்கும் நடுவே, கையின் ஓரத்திலும் மணிக்கட்டிலும், சிவந்த கரை கட்டினாற்போல ஓர் எல்லைக்கோடு பல வகைகளில் தெளிவாகத் தெரியும். பட்டுப் புடவையின் கரைபோல என்று சொன்னால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும்.

இதனால் தொழுநோய் உள்ளவரை ஒதுக்கலாம் என்று பொருள் கொள்ளலாகாது. அந்நோயும் கூட்டு மருந்துகளால் முற்றிலும் குணமாவதே. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. மணமுறிவுக்குத் தொழுநோய் ஒரு காரணம் என்று சட்டத்தில் இருந்த பிரிவுகூட 2019-இல் நீக்கப்பட்டுவிட்டது. இங்கே சொல்லவந்தது, இல்லாத நோய்க்கு மருந்து தின்பதும் இருக்கும் நோய்க்கு மருந்தில்லாமல் இருப்பதும் இரண்டுமே கேடு என்பதுதான்.

நம் வட்டாரத்தில் வேறொரு குழப்பமும் நேர்வதுண்டு. நாற்றங்காலிலும் நடவிலும் நாள் முழுதும் வெறுங்காலுடன் சேற்றில் நிற்பவர்க்கு உள்ளங்காலில் சிறு சிறு குழிகள் அரித்தாற்போல விழும். தோல் வெளுத்து நாறும். இத்தகைய நோயை ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் 1910-இல் இலங்கையில், மழைக்காலத்தில் வெறுங்காலோடு நடப்போரிடம் கண்டு எழுதினார். இது பரம்பரை நோய் அன்று. ஈரத்தில் பெருகும் நுண்ணுயிரால் வருவது. காலை உலர வைத்து, மருத்துவர் தரும் களிம்பைத் தடவினால் தீர்ந்துவிடும். சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும் இவ்வாறே வேறானவை. சொரியாசிஸ் என்ற செதில்நோயும் உள்ளங்கையில் வருவதுண்டு. நடுவயதில், குடும்பத்தில் எவருக்கும் இல்லாமல், புதிதாகக் கை தடிக்கத் தொடங்கினால் அதனைப் பரம்பரை என்று எண்ணிச் சும்மா இருந்துவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். வங்காளத்தில் ஆர்செனிக் நஞ்சு கலந்த கிணற்று நீரைப் பல்லாண்டு குடித்தவர்க்கும் உள்ளங்கை இவ்வாறே தடிக்கிறது.

இழை அறுந்த தோல்

தோல் எவ்வாறு உறுதி பெறுகிறது என்பதை நெசவாளருக்குச் சொல்லுதல் எளிது. தோலின் மேலடுக்கில் உள்ள ஒவ்வொரு அணுவுக்குள்ளும் கெரட்டின் என்னும் மெல்லிழைகள் பின்னிக் கிடக்கின்றன. நகமும் மயிரும் மாட்டின் கொம்பும் ஆட்டு ரோமமும் இந்தக் கெரட்டினால் ஆனவையே. இவ்விழை ஒற்றையாக நில்லாது. ஒரு வகைக் கெரட்டின் மற்றொரு வகைக் கெரட்டினோடு இணைந்தே இழையாக முறுக்கேறும். பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது, ஊடையும் வேண்டும் என்பதுபோல. உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் தக்க கெரட்டின் வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்பதாம் எண் கெரட்டின் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டுமே சிறப்பாக உண்டாவது. உடல் எடை முழுவதையும் தாங்கும் இடமல்லவா? ஆகவே இயற்கை அங்கே தனிச் சரக்கை இட்டிருக்கிறது.

இந்த ஒன்பதாம் கெரட்டினை உண்டாக்கும் மரபணுவில் பிழை இருந்தால் இழை சரிவர முறுக்கேறாமல் கட்டி கட்டியாகத் திரளும். அழுத்தம் படும்போது அணு உடைகிறது. உடைந்த இடத்தைக் காக்கத் தோல் மேன்மேலும் அடுக்குப் போடுகிறது. அதுவே தடிப்பு. நோய் கையிலும் காலிலும் மட்டும் நின்று, முகத்தையும் முதுகையும் தொடாமலிருப்பதன் காரணமும் இதுவே. 1994-இல் இம்மரபணுப் பிழை கண்டறியப்பட்டது. பதினேழாம் நிறப்புரியில் அது உள்ளது.

இதில் சுவையான ஒரு வரலாறு உண்டு. 1880-இல் ஜெர்மனியில் ஆர்தர் தோஸ்ட் என்பவர் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் வருவதை எழுதினார். 1883-இல் உன்னா என்ற புகழ்பெற்ற தோல் மருத்துவரும் எழுதினார். 1901-இல் ஃபோர்னர் என்பவர், தம்மிடம் வந்த நோயாளியின் தோலை நுண்ணோக்கியில் பார்த்து, அணுக்கள் உடைந்திருப்பதைக் கண்டு, இது வேறொரு நோய் என்றார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இரண்டு நோய்கள் என்றே மாணவர்க்குப் பாடம் சொல்லப்பட்டது. பின்னர், தோஸ்ட் எழுதி 110 ஆண்டுகள் கழித்து, அதே குடும்பத்தின் வழித்தோன்றல்களைத் தேடிப்பிடித்து அவர்கள் தோலைச் சோதித்தனர். அங்கேயும் அதே உடைந்த அணுக்கள்! 1992-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு குடும்பம் தன் நோயை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவந்ததால் வந்த பயன் இது.

வகைகள் பல. எல்லாவற்றையும் இங்கே விரித்தல் வேண்டா. நமக்குப் பயன்படும் சிலவற்றை மட்டும் சொல்வோம். சுவீடன் நாட்டின் வடகோடியில், ஆயிரம் பேரில் மூவர் முதல் ஐவர் வரை காணப்படும் ஒரு வகை உண்டு. இவ்வகையினர் கையைத் தண்ணீரில் வைத்தால் சில நிமிடங்களிலேயே தோல் வெளுத்துப் பஞ்சுபோல் ஊறிவிடும். அணுவுக்குள் தண்ணீர் செல்லும் வாயிலைக் கட்டும் மரபணுவில் பிழை என்று 2013-இல் கண்டனர். குறுவைக்கும் தாளடிக்கும் சேற்றில் இறங்கும் நம் நாட்டில் இப்படியொருவர் பிறந்தால் அவர் பாடு என்னவாகும் என்பதை எண்ணிப்பாருங்கள். மற்றொரு வகை குழந்தைப் பருவத்தில் தெரியாது. இருபது வயதையொட்டி உள்ளங்கையிலும் காலிலும் ஆணி ஆணியாக எழும். கடின வேலையில் அது மிகும். குடும்பத்தில் பலருக்குக் ‘கால் ஆணி’ என்று சொல்லி ஆண்டுதோறும் அறுத்தெறிந்துகொண்டிருந்தால், இதுதானோ என்று ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

தோலோடு நில்லாத வகைகளும் உண்டு. பாப்பியோன், லெஃபேவ்ர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் 1924-இல் எழுதிய வகையில், கைகால் தடிப்போடு ஈறு வீங்கிப் பால்பற்கள் நான்கைந்து வயதிலேயே விழும். பின் முளைத்த பற்களும் வாலிப வயதுக்குள் விழுந்துவிடும். கிரேக்க நாட்டின் நாக்சோஸ் தீவில் 1986-இல் எழுதப்பட்ட வகையிலோ, உள்ளங்கைத் தடிப்பும் கம்பளிபோல் சுருண்ட முடியும் இருந்தால், வளர்ந்தபின் இதயம் பழுதாகும். ஆகவே தடித்த உள்ளங்கையுள்ள குழந்தையின் பற்களையும் தலைமயிரையும் பெற்றோர் கவனித்தல் வேண்டும். பல் ஆடினால் பல் மருத்துவரிடமும், முடி அவ்வாறு சுருண்டிருந்தால் இதய மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். இங்கிலாந்தில் லிவர்பூலில் 1958-இல் கண்ட குடும்பங்களில் இத்தடிப்போடு உணவுக்குழாய்ப் புற்றுநோயும் வந்தது. அது மிக மிக அரிய வகை. அதை எண்ணி எல்லோரும் அஞ்ச வேண்டுவதில்லை.

மணம் பேசும்போது

எல்லாவற்றினும் மிகுந்த மனவேதனை இங்கேதான். ‘அந்த வீட்டில் கைநோய் உண்டு’ என்ற ஒரு சொல்லால், நோயே இல்லாத பெண்களுக்கும் வரன் தட்டிப்போகிறது. இவ்விஷயத்தில் ஊரார் கொண்டுள்ள கணக்கு பெரும்பாலும் தலைகீழாகவே இருக்கிறது. ஆகவே சற்று நிதானமாக விளக்குவோம்.

நம் சங்கத்தில் முக்கியப் பத்திரங்களை இரு படிகளாக எழுதி வைப்பதுண்டு. உடம்பிலும் அவ்வாறே. ஒவ்வொரு மரபுக் குறிப்பும் தாயிடமிருந்து ஒரு படி, தகப்பனிடமிருந்து ஒரு படி என இரண்டாக வருகிறது. ஒன்பதாம் கெரட்டின் வகையில் ஒரு படியில் பிழை இருந்தாலே போதும், நோய் தோன்றிவிடும். பிழைபட்ட இழை நல்ல இழையோடு கலந்து முழுப் பின்னலையும் கெடுப்பதே காரணம். இவ்வகையில் பெற்றோருள் ஒருவருக்கு நோய் இருக்கும். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சரிபாதி வாய்ப்பு. நோய் வராத பிள்ளையிடம் பிழைபட்ட படி பெரும்பாலும் இல்லை; அவர் வழியில் அது தொடர்வதுமில்லை. ஆகவே அக்குடும்பத்தில் கை நன்றாக இருக்கும் பெண்ணை வேண்டாமென்பது வெறும் அநியாயம். அவளை மாமன் மகன் மணந்தாலும் அயலார் மணந்தாலும் இக்கணக்கு மாறாது.

மெலெடா வகையும், பல் விழும் வகையும், நாக்சோஸ் வகையும் இதற்கு மாறானவை. அவற்றில் இரண்டு படியும் பிழைபட்டாலன்றி நோய் வராது. பெற்றோர் இருவரும் நல்ல கைகளோடு இருப்பர். ஆனால் இருவரிடமும் ஒவ்வொரு படி பிழை மறைந்திருக்கும். அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதற் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றுக்கும் வராது என்று சிலர் கணக்கிடுவர், அது பிழை. ஒவ்வொரு பிறப்பும் புதிய சீட்டுக் குலுக்கலே.

அரிதான பிழை, ஒன்றையொன்று அறியாத இரு குடும்பங்களில் ஒரே சமயம் இருப்பது அபூர்வம். ஆனால் ஒரே பாட்டனின் வழிவந்த இருவரிடம் அது இருப்பது எளிது. அத்தை மகனை, மாமன் மகளை மணப்பதில் இவ்வாய்ப்பு பெருகும். அக்காள் மகளை மணப்பதில் அது இன்னும் இரட்டிப்பாகும். தமிழ்நாட்டில் நடக்கும் மணங்களில் நாலில் ஒன்றுக்கும் மேல் உறவுக்குள் நடப்பவை என்று 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. இந்தப் பழக்கத்தை ஒட்டுமொத்தமாகக் குறைகூறுவது நம் நோக்கம் அன்று. ஆனால் இந்நோய் உள்ள வீட்டார், ‘வெளியார் அறிந்தால் மானக்கேடு, சொந்தத்துக்குள்ளேயே முடித்துவிடுவோம்’ என்று செய்வதுதான் வேதனை. மறைந்து வரும் வகையாயின், செய்யத்தகாத ஒன்று எதுவோ அதனையே தேடிப்பிடித்துச் செய்வதாகும் அது. எந்த வகை என்பதைத் தோல் மருத்துவர் குடும்ப வரலாறு கேட்டே பெரும்பாலும் ஊகித்துவிடுவார். இரத்தத்தில் மரபணுவைச் சோதிக்கும் வசதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் உண்டு.

மருந்தும் வேலையும்

வேரோடு களையும் மருந்து இன்றுவரை இல்லை. இதனை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று; ஏனெனில் ‘நாற்பத்தெட்டு நாளில் குணம்’ என்று பணம் பறிப்போர் இருக்கிறார்கள். சுடுவதும், அமிலம் ஊற்றுவதும், சவர பிளேடால் ஆழமாகச் சீவுவதும் கேட்டையே தரும். அணு உடையும் வகையில் அளவுக்குமேல் சீவினால் அடித்தோல் வெந்த புண்போல் நிற்கும். ஆயினும் நாள்தோறும் செய்யத்தக்க எளிய காரியங்களால் பாதித் துன்பம் குறையும். இளஞ்சூடான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மேலாக நின்ற செத்த தோலைப் படிகக்கல்லால் மெல்லத் தேய்த்து, ஈரம் காயுமுன் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவுதல் ஒன்று. நீரில் ஊறிப் பஞ்சாகும் வகையினர்க்கு மட்டும் இந்த ஊறவைப்பு ஆகாது. சாலிசிலிக் அமிலக் களிம்பு, யூரியாக் களிம்பு ஆகியவை தடிப்பை இளக்கும். எந்த வலுவில், எவ்வளவு இடத்தில் என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். குழந்தைக்கு சாலிசிலிக் களிம்பைக் கண்டபடி பூசலாகாது. யூரியா என்றதும் நம் குடியானவர்கள் வயலுக்கு இடும் மூட்டையை நினைத்துவிடக் கூடாது. பொருள் ஒன்றுதான், ஆனால் உர யூரியா மருந்துக்காகத் தூய்மை செய்யப்பட்டதன்று. அதனைக் கரைத்துப் பூசிப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டா.

அசிட்ரெட்டின் என்ற விழுங்கும் மருந்து சில வகைகளில் நன்கு வேலை செய்கிறது. அது வைட்டமின் ஏ இனத்தைச் சேர்ந்தது. கருவுற்ற பெண் உட்கொண்டால் சிசு ஊனமாகும். மருந்தை நிறுத்திய பின்னும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. ஆகவே பிள்ளை பெறும் வயதினர்க்கு இதனைப் பெரும்பாலும் தருவதில்லை. தடித்த தோலில் வியர்வை தங்கிப் பூஞ்சக்காளான் பற்றினால் அரிப்பும் நாற்றமும் மிகும். அதற்குத் தனி மருந்து உண்டு. தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவில் இவற்றைக் காட்டலாம்.

தறி வேலையில் பெரிய இடர், தடித்த தோலின் சொரசொரப்பில் பட்டிழை சிக்குவது. அறுந்த பாவு இழையை விரல்நுனியால் முறுக்கி இணைக்கும் வேலை அவர்க்கு அரிது. நாடாவை இழுக்கும் கயிற்றுப் பிடிக்குப் பருத்தித் துணி சுற்றுதலும், மிதிகட்டையின்மேல் மெத்தென்ற தோல் ஒட்டுதலும் உதவும். பட்டுக்குப் பதில் பருத்தி நெய்தலும், சாயம், அளவை, கணக்கு என வேறு பொறுப்பு ஏற்றலும் கூடும். ஆனால் இவை அவரைக் கேட்டுச் செய்ய வேண்டியவை. ‘உனக்கு இது முடியாது’ என்று சங்கம் தானே முடிவு கட்டுதல் தகாது. வயலில் முழங்கால் வரையுள்ள ரப்பர் பூட்சு நம் களிமண் சேற்றில் எடுபடாது என்பது நடவு நட்ட எவருக்கும் தெரியும். சேற்றில் இறங்குமுன் காலில் வாசலின் பூசுதல், இடையிடையே கரையேறிக் கழுவித் துடைத்தல், அறுப்புக் காலத்தில் தாளின் குத்துப் படாமல் நல்ல செருப்பு அணிதல் ஆகியவையே நடைமுறைக்கு ஏற்றவை.

இன்னொரு தொல்லை புதிய காலத்தது. தடித்த தோலில் ரேகை மங்கிவிடும். கைவிரல் இயந்திரம் ஏற்காது. நம் மாநில ரேஷன் கடைகளில் 2020 அக்டோபர் முதல் விரல் பதிவு முறை வந்தபின் இக்குறை வெளிப்பட்டது. தேய்ந்த விரலுடைய முதிய நெசவாளர் பலருக்கும் இதே கதிதான். விரல் பதியவில்லை என்ற காரணத்தால் மட்டும் பொருளை மறுக்கலாகாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய உணவுத்துறை மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஆதார் பதிவில் விரல் ரேகை தர இயலாதவர் கருவிழிப் பதிவு ஒன்றாலேயே பதிவு செய்யலாம் என்று 2023 டிசம்பரில் மத்திய அரசு தெளிவுபடுத்தியது. ஆகவே இத்தகைய அங்கத்தினர் ஆதார் மையத்தில் கருவிழிப் பதிவையும் கைப்பேசி எண்ணையும் சரிபார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். கைப்பேசிக்கு வரும் கடவு எண்ணைக் கொண்டும் கடையில் பொருள் வாங்கலாம். கடைக்காரர் மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கிக்கொள்க. மனு எழுதத் தெரியாதவர்க்குச் சங்கச் செயலாளர் எழுதித் தரலாம். தோல் மருத்துவரின் சான்று ஒரு படி அதனுடன் இணைத்தால் போதும்.